ரேணு உமா சத்துமாவு

புனே
10.11.1997

ஏட்டி ரேணு,

இனிமேல் உன்னை மதினி என்று எழுத வேண்டுமாம். போன கடிதத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார். "அண்ணன் பொண்டாட்டிய இப்படியா கூப்பிடுவாவ? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாவளா?" ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவளை, என் அண்ணன் தாலி கட்டிவிட்டான் என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாக மதினி ஆக்க முடியுமா? நாலு பேர் முன்னால் வேண்டுமானால் கூப்பிட்டுத் தொலைக்கிறேன்.

பிரியாவுக்கு இரண்டு வயது முடிந்தும் சோறு இறங்கவில்லை. வாயில் ஊட்டியதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீடு பூராவும் நடக்கிறாள். மாடி வீட்டு அம்மாள் பார்க்கும்போதெல்லாம் "குழந்தை ஏன் இப்படி எலும்பா இருக்கு?" என்று கேட்டே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாள். நம் சத்துமாவை மட்டும்தான் பிரியா மூச்சு விடாமல் குடிக்கிறாள். வெதுவெதுப்பான பாலில் கரைத்துக் கொடுத்தால் டம்ளரை நக்கிவிட்டுத் தருகிறாள். பாக்கெட் தீர்ந்துவிட்டது.

அடுத்த ஈடு வறுக்கும்போது எனக்காக ஒரு காரியம் செய். பிள்ளைகளுக்கு மாவு திரிக்க வறுக்கும்போதெல்லாம் அம்மா சாஸ்தா கோயில் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை தெளிப்பாளே, கண் படாமல் இருக்க? கடைகளுக்குப் போட ஆரம்பித்த பிறகு நாம் அதை விட்டுவிட்டோம். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த ஒரு ஈட்டுக்கு மட்டும் அண்ணனை அனுப்பித் தண்ணீர் எடுத்துவந்து தெளி. நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்துவிட்டுச் செய்.

நேற்று பழைய பாக்கெட்டைக் கிழிக்க மனசு வராமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சிவகாசியில் லேபிள் அடிக்கக் கொடுத்தபோது யார் பேர் முதலில் வருவது என்று அச்சாபீஸ்காரர் முன்னாலேயே சண்டை போட்டோம். பூவா தலையா போட்டு நீ ஜெயித்தாய். நான் கோவில்பட்டி பஸ் ஏறும்வரை உன்னோடு பேசவில்லை. அப்புறம் ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்து சமாதானம் செய்தாய். அந்த சண்டைக்குக்கூட இங்கே ஆள் கிடையாது.

பங்குனி உத்திரத்துக்கு வருகிறோம். சாஸ்தா கோயிலில் அண்ணன் மடியில் வைத்துத்தான் பிரியாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமனைத் தயாராக இருக்கச் சொல்.

உன்
உமா


கோவில்பட்டி
5.12.1997

அன்புள்ள உமாதேவி அம்மையாருக்கு,

எப்படி இருக்கிறது மரியாதை? நீ என்னை மதினி என்று கூப்பிடாததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாத்தனார் என்று நான் உனக்குப் பயந்து நடக்கவில்லை என்ற குறை உனக்கு இருக்கிறதோ என்னவோ.

பார்சல் அனுப்பிவிட்டேன். உன் தண்ணீர்க் கதையைக் கேள். இந்த வருஷம் மழை விடாமல் ஊற்றுகிறது. உன் அண்ணன் தண்ணீர் எடுக்கப் போன அன்று, கோயில் பாதையில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டி நகரவே இல்லை. குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு அங்கேயே தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள்தான் வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. வந்ததும் கேனை வைத்துவிட்டுச் சொன்னார்: "என் தங்கச்சிக்குப் புனேயில குழாயே கிடையாதா? கேட்டுச் சொல்லுட்டி."

அதற்குள் வறுத்துக் கொட்டியதெல்லாம் ஆறிவிட்டது. உன் அம்மா சூட்டோடு தெளிப்பார்கள், சுர்ரென்று ஆவி கிளம்பும். நான் ஆறினதில் தெளித்து, துணி போட்டு மூடி வைத்து, அடுத்த நாள் மில்லில் திரித்தேன். சூட்டோடு தெளித்தால் என்ன, ஆறித் தெளித்தால் என்ன, சாமிக்கு அதுவா தெரியப்போகிறது? தண்ணீரும் கொஞ்சம் கலங்கல். கோயிலை ஒட்டின புஞ்சையில் உரத்துக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்களாம், மழையில் அந்தப் பக்கமே சகதிக்காடாம். துணியில் வடிகட்டிக்கொண்டேன். மிச்ச மாவைப் பாக்கெட் போட்டாயிற்று, வழக்கம்போலக் கடைகளுக்குப் போகும்.

நீ இல்லாமல் வறுப்பது ரொம்பச் சங்கடம், உமா. நீ கம்பு வறுப்பாய், நான் கேழ்வரகு வறுப்பேன், யாருடைய சட்டியில் முதலில் வாசனை வருகிறது என்று போட்டி. பாக்கெட் எடுக்க வந்த உன் அண்ணன் எடுக்காமல் நின்றுகொண்டிருப்பார். "என்னண்ணே, கால்ல வேர் விட்டுட்டா?" என்று நீ கேட்பாய். நான் தலையைக் குனிந்துகொண்டு கேழ்வரகைக் கருகவிடுவேன். கருகின வாசனை வரும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கல்யாண ஆசையும் வருகிறது. யாரிடமும் சொல்லிவிடாதே.

காது குத்துக்கு என் மருமகளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்தாயிற்று. அத்தை என் கையால் ஒரு டம்ளர் மாவு கரைத்துக் கொடுத்து அவள் குடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கென்று ஒன்று இன்னும் வாய்க்கவில்லை, தெரியும்தானே. சீக்கிரம் கூட்டிக்கொண்டு வா.

ரேணு


புனே
4.1.1998

மதினி அவர்களுக்கு,

இதற்குமேல் நலம் விசாரித்து எழுத என்னால் முடியாது. பிரியா நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

நீங்கள் அனுப்பிய மாவைக் குடிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் காய்ச்சல். அப்புறம் வாந்தி. வயிற்றாலே போனதில் ரத்தம். தூக்கிக்கொண்டு ஓடினோம். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தினார்கள், அழக்கூடத் தெம்பில்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு "இன்று ராத்திரி தாண்ட வேண்டும்" என்றார். அதைக் கேட்டுவிட்டு வராந்தாவில் நான் எப்படி நின்றேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பால் நாங்களும் குடிக்கிறோம். தண்ணீர் கொதிக்கவைத்ததுதான். எங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லை. அவள் மட்டும் சாப்பிட்டது உங்கள் மாவு. மிச்சம் இருந்ததை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே நம்மூர் ஆட்கள் வீடுகளில் பழைய பாக்கெட் வைத்திருந்தார்கள். எல்லோரையும் கொட்டச் சொல்லிவிட்டேன். கடைகளுக்கு நிறையப் போட வேண்டும் என்ற அவசரத்தில் நீங்கள் எதை எப்படிச் செய்தீர்களோ. நான் இருந்தபோது இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

உமாதேவி


கோவில்பட்டி
14.1.1998

உமா,

பொங்கலுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. நான் பால் பொங்கவிடவில்லை. உன் அண்ணன் சாஸ்தாவுக்குக் காசு முடிந்துவைக்க மஞ்சள் துணி தேடிக்கொண்டு அலைந்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று இருவரும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லிக்காட்ட எழுதவில்லை. எங்களுக்கும் அவள் பிள்ளைதான் என்பதை நீ மறந்துவிட்டது போல எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

பிள்ளை படுத்துவிட்டால் பெற்றவள் யாரை வேண்டுமானாலும் திட்டுவாள். திட்டு. ஆனால் 'நீங்கள்' போட்டுத் திட்டாதே, கேட்கச் சகிக்கவில்லை.

என் மாவில் என்னடி குறை? நீ பக்கத்தில் இருந்தபோது எப்படி வறுத்தேனோ அப்படித்தான் இப்போதும் வறுக்கிறேன். கம்பு பொரிந்து கையில் பிடிக்க முடியாத சூட்டில் இறக்குகிறேன். அந்தச் சூட்டில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? நீ அங்கே வாங்குகிற பால் எந்த ஊரில் கறந்து எந்த வண்டியில் வருகிறதோ யார் கண்டது? பெரியவர்கள் வயிறு தாங்கும், பிள்ளை வயிறு தாங்குமா? அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே என் அடுப்படிக்கு வந்துவிட்டாய்.

இத்தனை வருஷத்தில் கோவில்பட்டியில் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ புனே முழுக்கத் தமுக்கடித்துவிட்டாய். பாக்கெட்டில் உன் பேரும் இருக்கிறது, அதையாவது யோசித்திருக்கலாம். அவசரத்தில் செய்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

பிரியா இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு கார்டாவது போடு.

ரேணு


புனே
30.1.1998

மதினி அவர்களுக்கு,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பிரியாவுக்கு வந்தது சால்மொனெல்லா என்ற கிருமியாலாம். உங்கள் மாவிலும் அதே கிருமிதான் இருக்கிறது. பால் மேல் பழி போட்டீர்களே, இனி என்ன சொல்வீர்கள்?

பாக்கெட்டில் இருக்கிற என் பேரை எடுத்துவிடுங்கள். என் பிள்ளையைப் படுக்கவைத்த பொருளில் என் பேர் வேண்டாம்.

பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் வரவில்லை. காது இங்கேயே குத்திக்கொள்கிறோம். தாய்மாமன் மடி இல்லாவிட்டால் காதில் கம்மல் நிற்காதா என்ன? பிள்ளைக்கு உங்கள் கையால் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவள் என்ன ஆவாளோ என்று நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. எனக்கு அந்தத் தைரியம் போய்விட்டது.

பிரியா நடக்கிறாள். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

உமாதேவி


கோவில்பட்டி
22.2.1998

அன்புள்ள உமாவுக்கு,

இதை முழுக்கப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. பாதியில் கிழிக்காதே.

நீ சொன்னது சரி. என் மாவுதான். உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு வேறு விதமாகத் தெரிந்துவிட்டது. எட்டயபுரத்தில் கிருஷ்ணவேணி டீச்சரை உனக்கு நினைவிருக்கும், நமக்கு ஏழாம் வகுப்பு எடுத்தவர்கள். அவர்கள் பேத்தியும் அந்த ஈட்டு மாவைக் குடித்து இதே மாதிரி படுத்து, பிழைத்துக்கொண்டாள். சேதி கேட்டதும் நான் பஸ் ஏறினேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. "நீ வேணும்னா செஞ்சிருப்ப? உள்ள வாட்டி" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்கள். அதைக் குடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

பேத்திக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் விவரமாகக் கேட்டார். "வறுத்தது சரி, வறுத்தபிறகு அதன்மேல் எது பட்டது என்று யோசியுங்கள். சூடு ஆறினபிறகு பட்டது எதுவோ அதில்தான் வந்திருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். சல்லடைதான் காரணம், உமா. வறுத்ததைச் சலித்த சல்லடையைச் சரியாகக் கழுவாமல் விட்டுவிட்டேன். பல்லி, எலி ஏதாவது போயிருக்கும். என் கவனக்குறைவு. வேறு யார்மேலும் தப்பு இல்லை. இதை நீ அப்படியே நம்பிக்கொள்.

அன்றைக்கே உன் அண்ணனும் நானும் ஒவ்வொரு கடையாகப் போய் அந்த ஈட்டுப் பாக்கெட்டை எல்லாம் திரும்ப எடுத்து எரித்துவிட்டோம். ஹெல்த் இன்ஸ்பெக்டரிடமும் நாங்களே போய்ச் சொன்னோம். விற்றுப்போன வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. இனிமேல் மாவு போடவில்லை. மிச்சம் இருந்த லேபிளையும் அடுப்பில் போட்டாயிற்று. உன் பேரை மட்டும் வெட்டி எடுக்க எனக்குக் கை வரவில்லை, அதனால் இரண்டு பேரும் போய்விட்டன.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. என்மேல் கோபத்தில் உன் அண்ணனை ஏன் தண்டிக்கிறாய்? அவர் காதுகுத்துக்கு வாங்கின குட்டிக் கம்மலை எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறார். நீ பிரியாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் மடியில் உட்காரவைத்துக் காது குத்து. நான் அன்றைக்குக் கோயில் பக்கம் வரவில்லை, வீட்டோடு இருந்துகொள்கிறேன். பிள்ளைக்கு என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

ரேணு


புனே
9.3.1998

ஏட்டி ரேணு,

நீ என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

வறுத்ததைச் சலித்த சல்லடையா? நாம் என்றைக்கடி வறுத்தபிறகு சலித்தோம்? கல்லும் தூசியும் போகச் சலித்துவிட்டுத்தான் சட்டியிலேயே போடுவோம். திரித்தபிறகு மில்லில் சலித்துத் தருவார்கள். கல்யாணம் ஆகிற வரைக்கும் உன்னோடு முற்றத்தில் உட்கார்ந்து தோள் வலிக்கச் சலித்தவளிடம் வந்து சல்லடைக் கதை சொல்கிறாய். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை?

இதைப் படித்தபோதே எனக்கு உறுத்தியது. அப்புறம் அண்ணன் டெலிபோன் பூத்திலிருந்து பேசினான். காதுகுத்து விஷயம் பேச வந்தவன், அதைத் தொடாமல் ஊர்க்கதை சொன்னான். "உன் மதினி கோயில் கிணத்துல பிளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டு வந்துட்டாட்டி. கொம்பையா பூசாரி சாமி கிணத்துல மருந்தா கொட்டுதீயன்னு சண்டைக்கு வந்துட்டாரு. இவ விடல. இனிமே இந்தத் தண்ணிய எந்தப் பிள்ளைக்கும் கொதிக்கவைக்காமக் குடுக்கக் கூடாதுன்னு கோயில் வாசல்ல நின்னு சத்தம் போட்டிருக்கா. ஆட்டுக்கிடையையும் கிணத்துப் பக்கத்துல இருந்து தள்ளிப் போடச் சொல்லிட்டா." ஏன் இப்படிச் செய்தாள் என்று கேட்டேன். "உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றான். உலகத்திலேயே என் அண்ணனிடம் போய் ஒரு ரகசியத்தைக் கொடுத்து வைத்தாயே, உன் புத்தியை என்ன சொல்ல?

சல்லடையில் எலி போனதற்குக் கிணற்றில் ஏனடி மருந்து போடுகிறாய்?

டெலிபோனை வைத்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர் தெளி என்று எழுதியது நான். சேற்றில் அண்ணனை அனுப்ப வைத்ததும் நான். உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் உன் வீட்டு வாசலுக்கே வந்திருக்காது. டாக்டர் கேட்ட அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டது. கையில் என் கடிதத்தை வைத்துக்கொண்டு, 'உன் பிள்ளையை நீயேதான் படுக்கவைத்தாய்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும், நீ என்னை ஜெயித்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, ஊரெல்லாம் உன்னைத் திட்டட்டும், நான் ஆயுசுக்கும் உன் முகத்தில் முழிக்காமல் இருக்கட்டும் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டாய். எதற்கு? நான் தூங்க வேண்டும் என்றா? எப்படித் தூங்குவேன்?

நான் எழுதியதையெல்லாம் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அவசரத்தில் செய்தாய் என்று எழுதினேன். உங்கள் கையால் என்று எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை, இப்போது கூசுகிறது. நேரில் வரும்போது ஒரு அறை விடு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அறைந்துவிட்டு என்னோடு பேசு. மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், நமக்குள் அந்த வார்த்தை பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இங்கே நம்மூர் வீடுகளுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், மாவில் தப்பில்லை, நான் கேட்டு வாங்கின தண்ணீரில் வந்தது என்று. மாடி வீட்டு அம்மாளிடமும் சொன்னேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்று எழுத மாட்டேன், நேரில் நடித்துக் காட்டுகிறேன். நீ சிரிப்பாய்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்குகிறோம். நீ கோயிலுக்கு வராமல் வீட்டில் இருந்துகொள்வாயாமே. அத்தை இல்லாமல் காது குத்தினால் பிரியா கத்துகிற கத்தலுக்கு நான் என்ன செய்வேன்? அண்ணன் பிள்ளையோடு சேர்ந்து அழுவான், அவ்வளவுதான் அவனால் ஆகும்.

அவளுக்கு உடம்பு தேறிவிட்டது, பசிதான் அடங்கவில்லை. பார்க்கிறதையெல்லாம் கேட்கிறாள். ரயிலில் இறங்கும்போதும் பசியோடுதான் இறங்குவாள். கம்பும் பயறும் வறுத்து வை. டாக்டரம்மா சொன்னபடி நன்றாகக் கொதிக்கவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சு. காய்ச்சி, ஆற்றி, நீயே அவளுக்குக் கொடு. நான் அடுப்படிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். பிரயாணக் களைப்பில் படுத்துத் தூங்கப்போகிறேன்.

உமா